அப்பாவிடம் சொல்லலாம்

(புனித யோசேப்பு பெருவிழா – வானொலி மறையுரை)



நம் முன்னோர் சூசையப்பர் என்று உரிமையோடு அழைத்த இந்தப் புனிதரின் விழா மார்ச் 19-ஆம் நாள் வருகிறது. பெரும்பாலும் அது தவக்காலத்துக்குள் வரும். நம் தமிழகத்தில் பொதுத் தேர்வுகளுக்கு நடுவிலும் வரும். இந்த நாள்களில் காலைத் திருப்பலி முடிந்ததும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்தின் முன் நிற்பார்கள். தலைமேல் கைவைத்து ஆசி கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இன்று தந்தையரிடம் பேச வந்திருக்கிறேன். தாய்மார்களும் கேளுங்கள். ஆனால் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்து, “கேளுங்க, இது உங்களுக்குத்தான்” என்று கணவரை மட்டும் இடித்துக் காட்ட வேண்டாம்!

“ஃபாதர், உங்களுக்குப் பிள்ளையா குட்டியா? பிள்ளை வளர்ப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் வீட்டுக்குப் போகாமல் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எல்லாப் பங்கிலும் பார்க்கலாம். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கடைசியில் ஒரு வாக்கியம் வரும்: “ஃபாதர், இத அப்பாகிட்ட யாரு சொல்றது?”

இந்த வாக்கியத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். மார்க் குறைந்துவிட்டது: அப்பாவிடம் யார் சொல்வது? செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டது: அப்பாவிடம் யார் சொல்வது? பேருந்தில் ஒருவன் தினமும் தொல்லை கொடுக்கிறான்: அப்பாவிடம் யார் சொல்வது? நம் வீடுகளில் இதற்கு ஒரு வழக்கமான ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை அம்மாவிடம் சொல்லும். அப்பா சாப்பிட்டு முடித்து, முகம் நன்றாக இருக்கும் நேரம் பார்த்து, அம்மா மெல்ல எடுத்துச் சொல்வார். அம்மா தூதுவர், அப்பா அரசர். பல குடும்பங்களில் தந்தையும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், முக்கியமான எதையும் நேருக்கு நேர் பேசாமலே இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அன்பு நேயர்களே, தவக்காலத்தில் நாம் தியானிக்கும் காணாமற்போன மகன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். லூக்கா நற்செய்தி, பதினைந்தாம் அதிகாரம். மகன் திரும்பி வருகிறான், தந்தை தொலைவிலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டித் தழுவுகிறார். இந்தக் காட்சியைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்தைய காட்சியைக் கவனியுங்கள். அவன் பன்றிகளின் நடுவில், பசியோடு, கையில் ஒரு காசும் இல்லாமல் இருக்கிறான். அப்போது அவனுக்கு யார் நினைவு வருகிறது? அப்பா. அதுவும் எப்படிப்பட்ட நினைவு? என் தந்தையின் வீட்டில் கூலியாள்களுக்குக்கூட வயிறு நிறையச் சாப்பாடு உண்டே என்ற நினைவு.

வேலையாள்களை அந்தத் தந்தை எப்படி நடத்தினார் என்பதைச் சிறுவயது முதல் அந்த மகன் பார்த்து வளர்ந்திருக்கிறான். ஆகவேதான், எல்லாவற்றையும் இழந்த நாளில், ‘அங்கே போகலாம், அவரிடம் சொல்லலாம்’ என்று அவனுக்குத் தோன்றியது. தந்தை வாசலுக்கு ஓடிவந்தது ஒரு நாள் செயல். மகனுக்குத் திரும்பி வரத் துணிவு வந்ததற்கோ, அந்தத் தந்தை அதற்கு முன் பல ஆண்டுகள் வாழ்ந்த வாழ்க்கைதான் காரணம். பிள்ளை விழுந்த பிறகு, ‘என்னிடம் சொல்லியிருக்கலாமே’ என்று கேட்பதில் பயனில்லை. சொல்லக்கூடிய தந்தையாக நாம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அப்படி இருப்பது எப்படி? நடைமுறையில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வாக்கியம்கூடப் பதிவாகவில்லை. “அவரே பேசலையே ஃபாதர், நானும் வீட்டுல பேசறதில்ல” என்று ஒரு தந்தை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவருக்கு மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைக் காட்டினேன். பிறக்கும் குழந்தைக்கு இயேசு என்று பெயரிடும் பொறுப்பை வானதூதர் யோசேப்பிடம் கொடுக்கிறார். யோசேப்பும் அப்படியே பெயரிட்டார் என்று அந்த அதிகாரம் முடிகிறது. ஆகவே யோசேப்பின் வாயிலிருந்து வந்ததாக நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு சொல் உண்டு. அது அவர் மகனின் பெயர்.

நாம் நம் பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? மாதாவின் பெயரையும் புனிதர்களின் பெயரையும் தேடித் தேடி வைத்து, திருமுழுக்குத் தொட்டியின் முன் ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, வீட்டில் “எருமை” என்றும் “தண்டச்சோறு” என்றும் கூப்பிடுகிறோம். நாம் கோபத்தில் சொல்லி மறந்துவிடுவோம். பிள்ளை மறப்பதில்லை. அப்பா வாயிலிருந்து வந்ததால், தான் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறது.

இயேசுவின் திருமுழுக்கையும் நினைத்துப் பாருங்கள். யோர்தான் ஆற்றங்கரையில் விண்ணகத் தந்தையின் குரல் கேட்கிறது. இவர் என் அன்பு மகன், இவரில் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் அந்தக் குரல் பேசுகிறது. அப்போது இயேசு இன்னும் ஒரு புதுமையும் செய்யவில்லை. ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை. பணிவாழ்வு தொடங்குவதற்கு முன்பே பாராட்டு வந்துவிட்டது. நாமோ முதலில் மார்க் ஷீட்டைக் கேட்கிறோம். பாராட்டலாமா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்கிறோம்.

இரண்டாவது, பக்கத்தில் இருந்து வேலை செய்யுங்கள்.

நாசரேத்து மக்கள் இயேசுவைத் தச்சரின் மகன் என்றார்கள் என மத்தேயு எழுதுகிறார். மாற்கு நற்செய்தியிலோ இயேசுவையே தச்சர் என்கிறார்கள். தந்தையின் தொழில் மகன் கைக்கு வந்திருக்கிறது. அது ஒரே நாளில் வந்திருக்காது. மரத்தை ஒருவர் பிடிக்க, மற்றவர் அறுக்க, பல ஆண்டுகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

நம் ஊர் ஆண்களுக்கு எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது எளிதாக வராது. பிள்ளைக்கும் அது விசாரணை போலத்தான் இருக்கும். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மீன் வாங்கப் போகும்போது மகனைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்விசிறியைத் துடைக்க, அவனை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரம் கொடுங்கள். தினமும் பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடமும் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

அந்த நேரத்தில் “படிச்சியா, எவ்வளவு மார்க், ஏன் லேட்டு” என்ற மூன்று கேள்விகளையும் தள்ளி வையுங்கள். “இன்னைக்கு மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து, “தனியாத்தான் சாப்பிட்டேன்” என்று சொன்னால், எந்த முன்னேற்ற அறிக்கையும் காட்டாத ஒன்றை அது உங்களுக்குச் சொல்லிவிட்டது.

வளைகுடாவிலும் வட மாநிலங்களிலும் வேலை செய்யும் தந்தையரே, லாரி ஓட்டும் தந்தையரே, கடலுக்குப் போகும் தந்தையரே, இது நமக்கு முடியாது என்று எண்ண வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு குறித்த நேரத்தில், பிள்ளையிடம் மட்டும் பேசுங்கள். அம்மாவிடம் வீட்டுக் கணக்கைப் பேசி முடித்த கடைசி இரண்டு நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். போன வாரம் அது சொன்ன ஒன்றை நினைவு வைத்துக் கேளுங்கள். தூரத்தில் இருந்தாலும் அப்பா தன்னைக் கவனிக்கிறார் என்பது பிள்ளைக்குப் புரியும்.

மூன்றாவது, கண்டியுங்கள், மனத்தை உடைக்காதீர்கள்.

திருத்தூதர் பவுல் வாழ்ந்த காலத்தில், ரோமைச் சட்டம் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர்மேல்கூட அதிகாரம் கொடுத்திருந்தது. பிறந்த குழந்தையை ஏற்பதா விட்டுவிடுவதா என்பதையும் அவனே முடிவு செய்தான். பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று அந்த உலகில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கொலோசையருக்கும் எபேசியருக்கும் எழுதிய திருமுகங்கள், பிள்ளைகளுக்குச் சொன்ன கையோடு தந்தையர் பக்கமும் திரும்புகின்றன. பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்கின்றன. கொலோசையர் திருமுகம் காரணத்தையும் சொல்கிறது: அவர்கள் மனம் தளர்ந்து போவார்கள். அளவற்ற அதிகாரம் வைத்திருந்த தந்தைக்குத் திருமறை அன்றே ஓர் எல்லை வகுத்துவிட்டது.

“அடியாத மாடு படியாது” என்பார்கள் சிலர். பிரம்பைக் கையாளாதவன் மகனை வெறுக்கிறான் என்ற பொருளில் நீதிமொழிகள் நூலிலேயே இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். அங்கே வரும் எபிரேயச் சொல் ஷேபெத். ஆயனின் கோலுக்கும் அதே சொல்தான். திருப்பாடல் 23-இல், ஆண்டவரின் கோல் எனக்குத் தேற்றம் தருகிறது என்று பாடுபவர் சொல்லும்போதும் அதே ஷேபெத் வருகிறது. ஆட்டுக்குத் தேற்றம் தரும் கோல் எப்படி இருக்கும்? ஓநாயை விரட்டும், பள்ளத்தின் ஓரம் போன ஆட்டை வழிக்குத் திருப்பும். அந்தக் கோலைப் பார்த்தால் ஆடு ஆயனை நோக்கி வரும். நம் கையில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை ஓடி ஒளிந்தால், அது ஆயனின் கோல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளையை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்திருக்கிறது. வேற்று மனிதர்கள் செய்யக் கூடாததைப் பெற்றவர்கள் செய்யலாமா?

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னதை மட்டும் செய்யுங்கள். அன்றோடு அதை முடித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய தப்பைத் தோண்டி எடுக்காதீர்கள். உறவினர் முன்பும் நண்பர்கள் முன்பும் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கோபம் தலைக்கேறியிருந்தால், “இப்போ வேண்டாம், சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்று சொல்லுங்கள். அவசரத்தில் தவறாகத் திட்டியிருந்தால், “அப்பா மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்ட தந்தையின் மரியாதை எந்த வீட்டிலும் குறைந்ததில்லை.

இங்கே குடியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மாலை மங்கியதும் அப்பாவின் காலடிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நடை சீராக இருக்கிறதா, தடுமாறுகிறதா என்று கேட்கிறார்கள். அதைப் பொறுத்துத்தான் புத்தகத்தைத் திறப்பதா, போர்வைக்குள் புகுவதா என்று முடிவு செய்கிறார்கள். அப்படிக் காத்திருக்கும் பிள்ளை அப்பாவிடம் எதையும் சொல்லப் போவதில்லை. தவக்கால நோன்பாகக் குடியை விட்டிருக்கும் தந்தையரே, உயிர்ப்புப் பெருவிழா அன்று மறுபடியும் தொடங்காதீர்கள். விட முடியாமல் தவிப்பவர்களே, அது ஒரு நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் வாருங்கள். அவர் உங்களை மருத்துவரிடம் சேர்த்துவிடுவார்.

நான்காவது, கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். மூன்று நாள் தேடுகிறார்கள். பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும், சேர்த்து வளர்த்த தந்தையின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோயிலில் கண்டுபிடித்ததும் மரியா கேட்கிறார்: ஏன் இப்படிச் செய்தாய், உன் தந்தையும் நானும் எவ்வளவு கவலைப்பட்டோம். கேள்வி இருக்கிறது, தங்கள் வேதனையையும் மறைக்கவில்லை. பிறகு மகன் பதில் சொல்வதைக் கேட்கிறார்கள். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். புரியாத நிலையிலும் அவரை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்புகிறார்கள். அங்கே அவர் பணிந்து நடந்தார், ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா முடிக்கிறார். பிள்ளை சொல்வது எல்லாமே நமக்குப் புரிந்தாக வேண்டும் என்பதில்லை. நாம் கேட்டோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். இன்னும் சில வாரங்களில் முடிவுகள் வரும். வரும்போது கைப்பேசியில் குறுஞ்செய்தியாக, வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள்களில் சில வீடுகளிலிருந்து நாம் கேட்கவே விரும்பாத செய்தி வருகிறது. தோல்வியை வீட்டில் சொல்ல முடியாமல் பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள். ஒரு பாடத்தில் தவறினால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம். மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ நூறு வழி உண்டு. போன உயிருக்குத் துணைத் தேர்வு இல்லை.

ஆகவே தந்தையரே, முடிவு வருவதற்கு முந்தைய நாள் மாலை, பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்: “நாளைக்கு எது வந்தாலும் முதல்ல அப்பாகிட்ட வா. திட்ட மாட்டேன். சேர்ந்து யோசிப்போம்.” மறுநாள் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, “நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி” என்பது போல எதையாவது சொன்னாலோ, விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். “உனக்கு வாழ வேண்டாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மூடிக் கிடக்கும் மனம் திறக்கத்தான் வழி பிறக்கும். தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் பேசலாம். பிள்ளைகளே, நீங்களும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண்களை இன்றே வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

நிறைவாக ஒன்று. புனித இரண்டாம் யோவான் பவுல் 1929-இல் தாயை இழந்தார். அப்போது அவருக்கு ஒன்பது வயது நிறையவில்லை. மூன்று ஆண்டுகளில் மருத்துவரான அண்ணனும் இறந்துபோனார். வீட்டில் மிஞ்சியது ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான அப்பாவும் அவரும் மட்டுமே. சில இரவுகளில் தாம் கண்விழித்தபோது, அப்பா முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாக, தம் குருத்துவப் பொன்விழா ஆண்டான 1996-இல் அவர் எழுதினார். குருவாகும்படி அப்பா அவரிடம் பேசியதில்லை. அந்த எடுத்துக்காட்டே அவருக்கு முதல் குருமடமாக அமைந்தது.

உங்கள் பிள்ளையின் திருமுழுக்கு நாளில், குருவுக்கு அடுத்தபடியாக நீங்கள் அதன் நெற்றியில் சிலுவை வரைந்தீர்கள். அந்த உரிமை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. இன்று இரவு படுக்கும் முன், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, நெற்றியில் சிலுவை வரையுங்கள். வளர்ந்த பையன் கூச்சப்படுவான், நீங்களும் கூச்சப்படுவீர்கள். பரவாயில்லை, வரையுங்கள்.

செபிப்போம். விண்ணகத் தந்தையே, உம் திருமகனை யோசேப்பின் கையில் ஒப்படைத்தீரே, எங்கள் கையில் நீர் ஒப்படைத்த பிள்ளைகளுக்காக உமக்கு நன்றி. தந்தையர்க்குப் பொறுமையைத் தாரும். தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு நீரே துணையாக இரும். அவர்களுக்காகத் தனியே உழைக்கும் தாய்மாரைத் தாங்கும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தெளிவைத் தாரும். எந்த முடிவு வந்தாலும், அதை அஞ்சாமல் சொல்ல ஒரு வீட்டையும் அவர்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

புனித யோசேப்பே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.